பட்டாணி சட்டம்

டிப்போவில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஹாரன் என்றுதான் சொல்வார்கள். அந்த நகரத்தில் பேருந்து ஓட்டும் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் அவள். மார்க்கெட் வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றால் மற்ற ஓட்டுநர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அவள் கண்ணாடியை இறக்கி வாயைத் திறப்பாள், லாரி நகர்ந்துவிடும். "பஸ்ல இருக்குற ஹாரன் ரிப்பேரானாக்கூட வண்டியை அனுப்பலாம், சீட்டுல இருக்குற ஹாரன் ரிப்பேரானா அனுப்ப முடியாது" என்று டிப்போ மேலாளர் ஒருநாள் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஊரில் உள்ள எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார், வீட்டில் இருக்கிற வாயைப் பூட்டத்தான் சாவி அமையவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு ஒரே தம்பி. மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். கம்பத்தில் நின்றபடியே செத்தவன். அப்போது அவனுடைய மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கை அளவே இருந்ததால் அத்தைக்காரி வைத்த செல்லப்பெயர் பட்டாணி. அவளுக்கு விடுமுறை நாள் என்றால் அவனைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒரு கூட்டாளியின் பேருந்தில் ஏறிவிடுவாள். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டில் நின்றுகொண்டு அவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் "எல்லாரும் இறங்கு" என்று கத்துவான். யாரும் இறங்காவிட்டால் அத்தையிடம் புகார் சொல்வான்.

தம்பி மனைவி மறுமணம் செய்துகொண்டதில் ஹாரனுக்கு வருத்தம் இல்லை. சொல்லப்போனால் அவளே பேசி முடித்தாள். "இருபத்தஞ்சு வயசுல எத்தனை நாளைக்குத் தனியா கிடப்ப. மனுஷன் நல்லவனா இருந்தாக் கட்டிக்கோ" என்றாள். வந்தவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சட்டை கசங்காது, குரல் உயராது. ஹாரனைப் பார்த்தால் எழுந்து நின்று "வாங்கக்கா" என்பான். அந்த "வாங்கக்கா"வில்தான் தான் ஏமாந்ததாகப் பின்னாளில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

கொஞ்சம் கொஞ்சமாக இரு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிப்போக வந்தால் அவனுக்குக் காய்ச்சல் என்பாள் தம்பி மனைவி. தூங்குகிறான் என்பாள். ஒருநாள் வாசலிலேயே நின்றுகொண்டு, "அவர் பையனை ஒழுங்கா வளர்க்கணுங்கறார், அண்ணி. நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்குறீங்களாம்" என்றாள். அவள் காலுக்குப் பின்னால் நின்ற பட்டாணியின் தோளில் பச்சையாக ஒரு கன்றல் இருந்தது.

"இது என்னது?"

"கட்டில்ல இடிச்சுக்கிட்டான்."

ஹாரன் நேராகக் கடைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "என் தம்பி புள்ள மேல கை வச்சேன்னா உன் கையை உடைச்சு இந்த ஷோகேஸ்லயே வச்சிடுவேன்" என்றாள். அவன் சிரித்தான். "பசங்கன்னா அடி படத்தாங்கா செய்யும். டீ சொல்லட்டுமா?" என்றான். காவல் நிலையத்துக்கும் போனாள். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நடந்தது மழைக்காலத்தில். பழுது பார்க்க வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஒரு செல்போன் மேசைமேல் பிரித்த நிலையில் கிடந்தது. பட்டாணி அதன்மேல் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். அவன் வயிற்றில் விழுந்த அடி எத்தனை என்று நீதிமன்றத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் விழுந்த அடி. மாலைவரை பையன் சுருண்டு கிடந்தான். "நடிக்கிறான், கண்டுக்காத" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவன் கடைக்குப் போயிருக்கிறான். உதடு வெளுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஹாரன் கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மேலாளரே ஆட்டோ பிடித்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: "காலையிலயே கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பான்." அந்த வாக்கியம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. ஹாரன் ஒரு வாய்தாவைக்கூட விடவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சீருடையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். எதிர்த்தரப்பு வக்கீல் தம்பி மனைவியைக் கூண்டில் ஏற்றினார். "அவர் பாசமானவர்தான். கோபத்துல கை நீட்டிட்டார். சாகடிக்கணும்னு நினைக்கல" என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிக்கொடுத்த பாடம் போலத்தான் இருந்தது. வெளியே நடையில் ஹாரன் அவளை மறித்தாள்.

"பெத்தவளாடி நீ?"

"எனக்குப் போக்கிடம் வேணும்ல அண்ணி" என்றாள் அவள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அதற்குமேல் அந்த இருவருக்கும் பேச்சு இல்லை.

தீர்ப்பு நாளில் நீதிபதி நிதானமாக வாசித்தார். கொலை என்றால் கொல்லும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஆயுதம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. கண்டிக்கும் நோக்கில் அடித்திருக்கிறார். மருத்துவமனைக்கு அவரே தூக்கிச் சென்றிருக்கிறார். முன்பு எந்தக் குற்றமும் செய்ததில்லை. ஆகவே எண்ணமின்றிச் சாவுக்குக் காரணமான குற்றத்துக்காக ஆறு ஆண்டுகள்.

ஹாரன் எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஒரு வார்த்தை."

"உக்காருங்கம்மா" என்றார் டவாலி.

"நாலு வயசுப் புள்ளைக்கு அந்த ஆளோட கையே பஸ்ஸுங்க ஐயா. நான் நாளைக்கு ஒருத்தர் மேல வண்டியை ஏத்திட்டு, எங்கிட்ட கத்தி இல்லன்னு சொன்னா ஆறு வருஷம்தான் குடுப்பீங்களா? ஆயுதம் இல்லையாம். அந்த ஆளோட தோள்பட்டையைப் பாருங்க. புள்ளையோட போட்டோவையும் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க ஆயுதம் இல்லன்னு."

நீதிபதி கோபப்படவில்லை. வெளியே அழைத்துப்போகச் சொல்லிக் கையை மட்டும் அசைத்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டியிருந்தாலாவது தன் பேச்சு அவர் காதில் விழுந்தது என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் பேருந்தில் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் பட்டாணியின் படத்தை ஒட்டினாள். கீழே, "இவனைக் கொன்றவனுக்கு ஆறு வருஷம்" என்று எழுதியிருந்தாள். விதிமுறைப்படி எதையும் ஒட்டக் கூடாது என்று மேலாளர் கிழித்தார். அடுத்த நாள் மறுபடி ஒட்டினாள். நாலைந்து முறை கிழித்துப் பார்த்துவிட்டு மேலாளர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். பயணிகள் கேட்டார்கள், அவள் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள். அப்படித்தான் ஒரு தையல்காரி வந்து சேர்ந்தாள். அவளுடைய ஆறு வயது மகளைப் பக்கத்து வீட்டுக்காரன் கொன்றிருந்தான். அவனுக்குப் பத்து வருடம். பிறகு இன்னும் சில தாய்மார்கள். நீதிமன்ற வாசலில் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பத்திரிகையைப் பார்த்து நாடாளுமன்ற உறுப்பினர் வந்தார்.

உறுப்பினர் அந்தத் தொகுதியிலேயே வளர்ந்தவர். பேசும்போது எதிரில் இருப்பவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "அக்கா, உங்க கோபம் எனக்கு வேணும்" என்றார். ஹாரனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதுவரை எல்லாரும் அவளிடம் கோபத்தை விடச் சொன்னவர்கள்தான். கேட்டு வாங்க வந்தவர் இவர் ஒருவர்தான்.

சட்ட முன்வரைவு தயாரானது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தையின் சாவுக்கு யார் காரணமானாலும், எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆயுள் தண்டனை. குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. உறுப்பினர் மேடையில் அதைப் பட்டாணி சட்டம் என்றார். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியது ஒரே ஒருத்தி. ஒல்லியான ஒரு வக்கீல் பெண். மூச்சு இளைக்கிறவள் போல, பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"தண்டனையைக் கூட்டுங்க, வேண்டாங்கல. ஆனா எல்லாருக்கும் ஒரே தண்டனைன்னு எழுதி, குறைக்கவும் முடியாதுன்னு பூட்டிட்டீங்க. நாளைக்கு அந்தக் கூண்டுல யார் வந்து நிப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. யார் நின்னாலும் ஜட்ஜ் அவங்க முகத்தைப் பாக்கவே வேண்டியதில்லன்னு ஆகுது."

ஹாரன் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்தாள். "உனக்குப் புள்ள இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப உக்காரு."

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. வக்கீல் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்த இரண்டு வார்த்தைதான் தலைப்பு.

சட்டம் நிறைவேறிய அன்று ஹாரன் உறுப்பினரிடம் கேட்டாள்: "இனி அவனும் ஆயுசுக்கும் உள்ளதானே?"

அவர் சிரித்துவிட்டார். "அது எப்படிக்கா? சட்டம் வந்த தேதிக்கு அப்புறம் நடக்குறதுக்குத்தான் செல்லும். பின்னால போகாது."

"ரிவர்ஸ் கியரே கிடையாதா?"

"கிடையாதுக்கா."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவளுக்கு நாக்குவரை வந்தது. சுற்றிலும் தாய்மார்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இனிமேல் சாகிற குழந்தைகளுக்காவது ஆகட்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் காலை, கடைத்தெரு சிக்னலில் சிவப்புக்கு நின்றாள். தற்செயலாக இடதுபக்கம் பார்த்தாள். ஒரு கடையின் ஷட்டர் ஏறியது. உள்ளிருந்து வந்தவன் கண்ணாடி ஷோகேஸைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். கசங்காத சட்டை. நன்னடத்தை காரணமாகக் காலம் முடியுமுன்பே விட்டிருந்தார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பச்சை விழுந்தது. அவள் நகரவில்லை. மறுபடி சிவப்பு விழுந்து மறுபடி பச்சை வந்தது. பின்னால் வண்டிகள் கத்தின. பயணிகள் என்னம்மா என்னம்மா என்றார்கள். ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும். அவளே பின்னால் கணவரிடம் சொன்னாள், அந்த நேரத்தில் அவள் கையைப் பிடித்தது பட்டாணியோ சாமியோ அல்ல, பின் சீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் என்று. கண்ணாடியில் அந்தக் குழந்தையின் தலை தெரிந்தது. வண்டியை நேராக ஓட்டிப்போய் டிப்போவில் விட்டாள்.

அந்த வாரமே உறுப்பினர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கல்யாணக்களை. "அக்கா, நம்ம சட்டத்துல முதல் கேஸு. தண்டனையை நாளைக்குச் சொல்றாங்க. நீங்க அவசியம் வரணும். எல்லா டி.வி.யும் வரும்."

ஹாரன் போனாள். அதே கட்டடம், அதே கடைசி பெஞ்ச். கூண்டில் ஒரு முரடன் நிற்பான் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தாள். வந்தது ஒரு பெண். பத்தொன்பது வயது. பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் ஒட்டுகிறவள். கட்டைவிரல் நகத்தைக் கடித்துக் கடித்துச் சதையே தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண் காவலர் கையைத் தட்டிவிட்டால் இறக்குவாள்; மறுபடி வாய்க்குப் போகும்.

அரசு வக்கீல் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். தொழிற்சாலை விடுதியில் ஆறு பேர் தங்கும் அறை. இவள் கர்ப்பம் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு பகல்பொழுது, மற்றவர்கள் வேலைக்குப் போன நேரத்தில், குளியலறையில் தனியாகப் பிரசவித்திருக்கிறாள். சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். குழந்தை அழுதது. வார்டன் அம்மா வந்து கதவைத் தட்டினாள். இவள் குழந்தையின் வாயைக் கையால் பொத்தியிருக்கிறாள். வார்டன் போய்விட்டாளா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கையை எடுத்தபோது குழந்தை அசையவில்லை.

"அப்பன் யாரு?" என்று ஹாரன் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள்.

"யாரோ லைன் சூப்பர்வைசராம்."

"அவன் எங்க?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். அந்த ஆள் சாட்சியாகக்கூட வரவில்லை. அவனைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

நீதிபதி இந்த முறை வேறு ஒருவர், வயதானவர். காகிதத்தை வாசிப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நீதிமன்றத்துக்குச் சட்டம் வேறு வழி எதையும் விட்டுவைக்கவில்லை" என்று சொல்லி ஆயுள் தண்டனை என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. காவலரிடம் திரும்பி, "எத்தனை வருஷம்க்கா?" என்று கேட்டாள். காவலர் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

வெளியே படியில் கேமராக்கள். ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "அம்மா, நீதி கிடைச்சிருச்சா?"

"யாருக்கு?" என்றாள் ஹாரன்.

உறுப்பினர் வந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்து, படம் எடுக்க வசதியாகத் திருப்பினார். அவள் உருவிக்கொண்டாள்.

"எம்புள்ள பேரை எடுங்க."

"என்னக்கா?"

"இந்தச் சட்டத்துல இருந்து அவன் பேரை எடுங்கன்னு சொல்றேன்."

அவர் சிரிப்பு மாறாமல் அவளை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். "அக்கா, சட்டம்னா அங்க இங்க ஒண்ணு ரெண்டு இப்படி வரத்தான் செய்யும். ஒரு குழந்தை செத்திருக்கு, அதை மறந்துடாதீங்க."

"மறக்கல. ஆனா அவன் கடையைத் திறந்துட்டான், தெரியுமா உங்களுக்கு? எம்புள்ளையை வயித்துல அடிச்சுச் சாயங்காலம் வரைக்கும் போட்டு வச்சவன் கண்ணாடி தொடைச்சிட்டு இருக்கான். இவ ஆயுசுக்கும் உள்ள இருக்கணும். இவளை இந்தக் கதிக்கு ஆளாக்கினவன் அங்க நின்னு வேலை வாங்கிட்டு இருக்கான். இந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. நீங்க எனக்கு போட்டோ புடிக்கிறீங்க."

"சத்தம் போடாதீங்கக்கா."

"எனக்கு டிப்போல என்ன பேரு வச்சிருக்காங்கன்னு விசாரிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த ஒல்லி வக்கீலின் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு நாள் கழித்து ஏறிப்போன ஹாரன் கதவருகே நின்றாள். வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. நீங்க உக்காருன்னு சொன்னதுல இருந்து நான் இன்னும் எழுந்திருக்கவே இல்ல" என்றாள்.

ஹாரனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "மன்னிப்பு கேக்க வரல."

"நானும் எதிர்பாக்கல."

"அந்தப் பொண்ணுக்கு அப்பீல் போடுவியா?"

"போட்டாச்சு. நேத்தே."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா புள்ள இல்லாதவ பேசுறாம்பாங்க. அதையே நீங்க வந்து சொன்னா கேப்பாங்க. எனக்கு அதுதாங்க எரிச்சல். ஆனா வாங்க."

சிறையில் பார்வையாளர் அறை நீளமான ஒரு கூடம்; நடுவில் கம்பி வலை. இரைச்சலில் எல்லாரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஹாரனின் குரலுக்குக் குறை இல்லை. பிஸ்கட் தொழிற்சாலைப் பெண் வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்தான் ஆரம்பித்தாள்.

"நீங்கதான் அந்த அத்தையா?"

"ஆமா."

"என்னைத் திட்ட வந்தீங்களா?"

ஹாரன் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "உம்மேல எனக்குக் கோபம் இல்லன்னு நினைக்காத. ஒரு உசுரு போயிருக்கு. அந்தக் கதவைத் திறந்திருந்தா அது இருந்திருக்கும்."

"திறந்திருந்தா என்னை அன்னைக்கே வேலையை விட்டுத் துரத்தியிருப்பாங்க. வீட்லயும் சேத்துக்க மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு குரல் இறங்கியது. "பொண்ணுங்க அது. யாரும் எங்கிட்ட அதைக் கேக்கவே இல்ல, பொண்ணா பையனான்னு."

ஹாரன் வலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தம்பி மனைவியின் காய்ந்த கண்ணும், போக்கிடம் என்று அவள் சொன்ன வார்த்தையும் நினைவுக்கு வந்தன. அவளை மன்னிக்க மனசு வரவில்லை. அதை ஹாரன் யாரிடமும் மறைத்ததும் இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குப் போக்கிடம் என்று ஒன்றை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி அன்று முதல்முறையாக அவளைக் குத்தியது.

விஷயம் வெளியே தெரிந்ததும் தையல்காரி டிப்போவுக்கே வந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து இறங்கிய ஹாரனை எல்லார் முன்னாலும் நிறுத்தினாள். இருவரும் ஒரே குடைக்குள் மாதக்கணக்கில் நின்றவர்கள்.

"நீ செத்த புள்ளைங்க பக்கமா, கொன்னவங்க பக்கமா? அதைச் சொல்லிட்டுப் போ."

"உம்புள்ளையைக் கொன்னவன் சாகற வரைக்கும் உள்ள கிடக்கணும். அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல."

"அப்புறம் எதுக்குடி அவளுக்காகப் போய் நிக்கிற? பட்டாணியை வித்துட்டியே" என்றாள் தையல்காரி. கை ஓங்கியவள் அடிக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். டிப்போவில் பாதிப் பேர் அதற்குப் பிறகு ஹாரனோடு டீ குடிக்கவில்லை. மேலாளர் மட்டும் எப்போதும்போல வந்து பக்கத்தில் நின்று குடித்தார்.

மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். வக்கீல் இழுத்து இழுத்து மூச்சு வாங்கி வாதாடி முடித்தாள். சட்டத்துக்குப் பெயர் கொடுத்த குழந்தையின் அத்தை பேச விரும்புகிறார் என்றாள். அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. நடுவில் இருந்த பெண் நீதிபதி, சுருக்கமாகச் சொல்லட்டும் என்றார்.

ஹாரன் சீருடையில்தான் நின்றாள்.

"நான் படிச்சவ இல்ல. வண்டி ஓட்டுறவ. எம்புள்ள கேஸ்ல ஜட்ஜுக்குக் கண்ணு இருந்துச்சு, அவர் பாக்கல. நாலு வயசுப் புள்ள, ஆறடி ஆளு, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வலி. இதுல எதையும் பாக்காம ஆயுதம் இல்லன்னாரு. அந்தக் கோபத்துல நாங்க என்ன பண்ணோம், அடுத்து வர்ற ஜட்ஜோட கண்ணையே கட்டிட்டோம். இப்ப ரெண்டும் ஒண்ணுதான். நான் கேட்டது இதை இல்ல. புள்ளையைக் கொன்னவனைச் சும்மா கண்டிச்சவன்னு சொல்லி விடாதீங்கன்னு கேட்டேன். நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னு கேட்டேன். பாக்காம குடுக்குற தண்டனைக்கு எம்புள்ள பேரு வேணாம்."

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. ஆயுள் தண்டனை என்பது கட்டாயம் அல்ல, உச்சவரம்பு என்று சொன்னார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: வளர்க்கும் பொறுப்பில் இருப்பவர் குழந்தையை அடித்துக் கொன்றால், ஆயுதம் இல்லை என்பதும் கண்டிக்கத்தான் அடித்தேன் என்பதும் தண்டனையைக் குறைக்கும் காரணங்கள் ஆகாது. பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்ணின் தண்டனை நான்கு வருடமாகக் குறைந்தது. அதில் பாதியை அவள் ஏற்கெனவே கழித்திருந்தாள்.

உறுப்பினர் அன்று மாலையே பேட்டி கொடுத்தார். சட்டத்தை நீதிமன்றம் மேலும் செம்மைப்படுத்தியிருக்கிறது, இது தன் முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்றார். ஹாரன் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் ஒரு பழைய பூட்டை நோண்டிக்கொண்டே, "அந்த ஆளோட வாய்க்கும் சாவி கிடையாது போலிருக்கே" என்றார். அவள் டி.வி.யை அணைத்தாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. செல்போன் கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவள் வழித்தடத்தை மாற்றிக் கேட்டாள், மேலாளர் மாற்றிக்கொடுத்தார். தையல்காரி இன்றுவரை பேசுவதில்லை; மகளின் நினைவு நாளில் ஹாரன் அவள் வாசல்வரை போய், கதவு திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுகிறாள். புதிய தீர்ப்பின்படி வந்த முதல் வழக்கில், மகனை அடித்துக் கொன்ற ஒரு தகப்பனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். நீதிபதி தகப்பனின் எடையையும் மகனின் எடையையும் தீர்ப்பில் எழுதியிருந்தார் என்று வக்கீல் சொன்னபோது ஹாரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

லைன் சூப்பர்வைசர் இப்போது ஷிப்ட் மேலாளர். அவன்மேல் போட்ட புகார் ஆதாரம் போதாது என்று இரண்டு முறை திரும்பி வந்தது. விடுதியில் அதே ஆறு பேர் அறை, அதே வார்டன், கர்ப்பம் என்றால் வேலை போகும் என்ற அதே விதி.

போன செவ்வாய்க்கிழமை ஹாரன் அந்த விதியைப் பற்றிப் பேச உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனாள். வக்கீலும் கூட இருந்தாள். ஐயா வெளியே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார் உதவியாளர். ஹாரன் பெஞ்சில் உட்கார்ந்தாள். வக்கீல் தான் கொண்டுவந்த சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினாள். இருவரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்த நேரத்தில் உள் அறைக் கதவு திறந்தது. வெளியே போனதாகச் சொல்லப்பட்டவர் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

"என்னக்கா," என்றார் அவர், பழைய சிரிப்போடு, "இன்னுமா கோபம்?"

"இன்னும்தான்" என்றாள் ஹாரன். "உக்காருங்க, சொல்றேன்."